எஸ்தோனியா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எஸ்தோனியாவின் தார்த்து நகரில் நான்கு ஆண்டுகள் படித்துவிட்டு ஊர் திரும்பியதிலிருந்து, கல்யாண வீடுகளிலும் ரயில் பயணங்களிலும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்னை வந்தடைகின்றன. கேட்பவர்கள் உண்மையான ஆர்வத்தோடு கேட்கிறார்கள். நின்ற இடத்தில் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு வருவது எனக்குத்தான் மனக்குறையாக இருக்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே வைத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

எஸ்தோனியா எங்கே இருக்கிறது? ரஷ்யாவில் இருக்கும் ஒரு மாநிலம்தானே அது?

இல்லை, தனி நாடு. ஐரோப்பாவின் வடகிழக்கு ஓரத்தில், பால்டிக் கடலை ஒட்டி இருக்கிறது. கிழக்கே ரஷ்யா, தெற்கே லாத்வியா. வடக்கே ஃபின்லாந்து வளைகுடாவைக் கப்பலில் இரண்டு மணி நேரத்தில் கடந்தால் ஹெல்சின்கி வந்துவிடும்.

முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1918 பிப்ரவரி 24 அன்று, எஸ்தோனியா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொண்டது. அதற்காகப் போரிட்டு, 1920-இல் தார்த்துவில் சோவியத் ரஷ்யாவோடு அமைதி ஒப்பந்தமும் செய்துகொண்டது. 1940-இல் சோவியத் ஒன்றியம் அதைக் கைப்பற்றியது. இடையில் மூன்று ஆண்டுகள் ஜெர்மானிய ஆக்கிரமிப்பு, பிறகு மறுபடியும் சோவியத் ஆட்சி. 1991 ஆகஸ்ட் 20 அன்று சுதந்திரம் மீண்டது. மீண்டது என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 1991-இல் புதிய நாடு ஒன்று பிறந்ததாக எந்த எஸ்தோனியரும் சொல்லமாட்டார். 1918-இல் பிறந்த நாடு ஐம்பது ஆண்டுகள் பறிக்கப்பட்டிருந்தது என்றுதான் சொல்வார். இந்த ஒரு சொல் பின்னால் வரும் ஒரு கேள்வியில் பெரிய வேலை செய்யப்போகிறது.

எவ்வளவு சிறிய நாடு? நம் ஊர் மாவட்டம் அளவுக்கு இருக்குமா?

நிலம் அவ்வளவு சிறியதல்ல. சுமார் 45,000 சதுர கிலோமீட்டர், அதாவது கேரளத்தைவிடச் சற்றுப் பெரியது. மக்கள்தொகைதான் சிறியது: ஏறக்குறைய 13.7 லட்சம். கேரளத்தின் பரப்பில் புதுச்சேரியின் மக்களைக் குடியமர்த்தியதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தைக் காடும் சதுப்பு நிலமும் எடுத்துக்கொண்டிருக்கின்றன. நாட்டில் பாதி காடு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு, பெரும்பாலானவற்றில் மனிதர்கள் இல்லை. மிக உயர்ந்த குன்றின் உயரம் வெறும் 318 மீட்டர்.

தலைநகர் தாலினா, தார்த்துவா?

தலைநகர் தாலின். அரசு, துறைமுகம், வணிகம் எல்லாம் அங்கேதான். மதிலும் கோபுரங்களுமாக நிற்கும் அதன் பழைய நகரப் பகுதி 1997 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நகர்மன்றச் சதுக்கத்தில் 1422-க்கு முன்பிருந்தே இயங்கும் மருந்துக்கடை ஒன்று உண்டு. இன்றும் அதில் மருந்து வாங்கலாம்.

தார்த்து படிப்பின் நகரம். அதன் பல்கலைக்கழகம் 1632-இல், சுவீடன் ஆட்சிக் காலத்தில் தொடங்கப்பட்டது. ஆனால் அங்கே எஸ்தோனிய மொழியில் பாடம் நடத்தத் தொடங்கியது 1919 டிசம்பரில்தான். அதுவரை அந்த மண்ணின் மொழி அந்தப் பல்கலைக்கழகத்தில் பயிற்றுமொழியாக இருக்கவில்லை. சுவீடன் காலத்தில் லத்தீன், பிறகு ஜெர்மன், பிறகு ரஷ்யன் என்று வேற்று மொழிகளே கோலோச்சின.

பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் ஒரே மொழிதானே?

மூன்று நாடுகளுக்கும் மூன்று மொழிகள். லாத்வியனும் லிதுவேனியனும் ஒன்றுக்கொன்று உறவுடையவை. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் இந்திக்கும் வங்காளிக்கும்கூடத் தூரத்துச் சொந்தம். எஸ்தோனியம் அந்தக் குடும்பத்தில் சேராது. அது ஃபின்னிஷ் மொழிக்கு மிக நெருங்கியது, ஹங்கேரியனுக்குத் தொலைதூர உறவு. யூரலியக் குடும்பம் என்பார்கள். பால்டிக் நாடுகள் என்ற பெயர் அரசியலும் வரலாறும் சேர்த்துவைத்த பெயர். மொழியில் எஸ்தோனியர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபின்லாந்துக்காரர்களின் உடன்பிறப்புகள்.

எஸ்தோனிய மொழி கற்பதற்கு ரொம்பக் கடினமாமே?

ஐரோப்பியர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பதினான்கு வேற்றுமைகள் என்றதும் அவர்கள் மலைத்துவிடுகிறார்கள். தமிழ் பேசுபவருக்கு அந்த மலைப்புத் தேவையில்லை. வீட்டுக்கு அவர்கள் சொல் 'மயா'. வீட்டில் என்றால் 'மயாஸ்'. வீட்டிலிருந்து 'மயாஸ்ட்'. வீடு வரை 'மயானி'. வீட்டோடு 'மயாகா'. வீடில்லாமல் 'மயாதா'. பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். முதல் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த ஸ்பானிய மாணவி இதைப் பார்த்துத் திணறியபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஐ, ஆல், கு, இன், அது, கண் வரிசை நினைவுக்கு வந்து மனம் குளிர்ந்தது. எதிர்காலத்துக்குத் தனி வினைவடிவம் இல்லை, நிகழ்காலமே போதும். அவன், அவள் என்ற பிரிவும் இல்லை. இரண்டுக்கும் 'தெமா' என்ற ஒரே சொல்.

எனக்குக் கடினமாக இருந்தது ஒலியின் நீளம். நமக்குக் குறில், நெடில் தெரியும். செய்யுளில் ஓசை குறையும்போது நெடிலை மேலும் நீட்டும் அளபெடையும் தெரியும். எஸ்தோனியத்தில் அந்த மூன்றாவது நீளம் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது, பொருளையும் மாற்றுகிறது. 'லின' என்றால் விரிப்புத் துணி. 'லின்ன' என்றால் நகரத்தின். அதே 'லின்ன'வை இன்னும் அழுத்தி நீட்டினால் நகரத்துக்குள். பின்னிரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடே இல்லை, காதுதான் பிரித்தறிய வேண்டும். இது பிடிபட எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அப்படியானால் தமிழுக்கும் எஸ்தோனியத்துக்கும் உறவு இருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளுக்கு 'சித்திய' மொழிகளோடு நெருக்கம் இருப்பதாக வாதிட்டார். அந்தப் பெயரின் கீழ் அவர் சேர்த்த கூட்டத்தில் ஃபின்னிஷ் வகை மொழிகளும் அடக்கம். முந்தைய பதிலில் சொன்ன ஒட்டுநிலை அமைப்புப் போன்ற ஒற்றுமைகள் அவரை அந்தத் திசையில் நடத்தின.

இன்றைய மொழியியலில் அந்தக் கருத்து நிலைபெறவில்லை. உருபுகள் ஒட்டும் விதம் ஒத்திருப்பதால் மட்டும் உறவு நிறுவப்படாது. துருக்கியிலும் ஜப்பானியத்திலும்கூட உருபுகள் ஒட்டத்தான் செய்கின்றன. ஒலிகள் முறையாக ஒன்றுக்கொன்று இணங்கிவரும் அடிப்படைச் சொற்கள் வேண்டும், அவை கிடைக்கவில்லை. எஸ்தோனியம் தமிழிலிருந்து பிறந்தது என்று யாராவது உங்களுக்குச் செய்தி அனுப்பினால் தயவுசெய்து மேலும் பரப்பாதீர்கள். இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே பெருமை போதிய அளவு இருக்கிறது.

கம்ப்யூட்டர் நாடு என்கிறார்களே, உண்மையிலேயே எல்லாமே இணையத்தில்தானா?

பெருமளவு உண்மை. 2002 முதல் ஒவ்வொருவருக்கும் மின்னணு அடையாள அட்டை. அதைக்கொண்டு போடும் மின்கையொப்பம் பேனாக் கையொப்பத்துக்குச் சட்டப்படி சமம். 2005 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதும் இணையவழி வாக்களிக்க வழிசெய்தார்கள். உலகில் அதுவே முதல் முறை. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் இணையத்தில் வந்தவை.

இதன் வேர் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. சுதந்திரம் மீண்ட சில ஆண்டுகளிலேயே, பணம் இல்லாத காலத்தில், 'புலிப்பாய்ச்சல்' என்ற திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணினியும் இணைய இணைப்பும் கொடுத்தார்கள். அலுவலகங்களும் ஊழியர்களும் குறைவு, மக்கள் காடுகளுக்கிடையே சிதறி வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டுக்குக் காகிதம் பெரிய செலவு. ஸ்கைப் மென்பொருளை எழுதியவர்களும் எஸ்தோனிய இளைஞர்களே. நிறுவியவர்கள் ஒரு சுவீடன்காரரும் ஒரு டென்மார்க்காரரும்.

ஆனால் என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மின்னணு அட்டை இருபது ஆண்டுப் பழக்கம். அந்த மக்களை மக்களாக வைத்திருப்பது அதைவிடப் பழையது, கீழே வருகிறது.

இ-ரெசிடென்சி வாங்கினால் அங்கே போய்க் குடியேறலாமா?

முடியாது. 2014 இறுதியில் தொடங்கிய அந்தத் திட்டம், வெளிநாட்டவர் எஸ்தோனியாவில் இணையம் வழியாக நிறுவனம் நடத்த உதவும் அடையாள அட்டை மட்டுமே தருகிறது. அது விசா இல்லை, குடியிருப்பு அனுமதி இல்லை, குடியுரிமையும் இல்லை. வேறு மாதிரிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

என்ன சாப்பிடுவார்கள்? சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பீட்ரூட், பால், தயிர், பாலாடைக்கட்டி, காட்டுக் காளான், காட்டுப் பழங்கள் எல்லாம் தாராளம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் குடும்பம் குடும்பமாக வாளியோடு காட்டுக்குள் போய் நீலப்பழமும் காளானும் பறிப்பார்கள். வேலியிட்டுத் தடுக்காத காட்டில் யாரும் பறிக்கலாம். அசைவத்தில் பன்றி இறைச்சியும் மீனும் அதிகம். கிறிஸ்துமஸுக்கு இரத்தமும் பார்லியும் அடைத்த குடல் வறுவல் கட்டாயம் உண்டு.

நம்மவர்க்கு நான் அறிமுகப்படுத்த விரும்புவது 'கமா'. பார்லி, ரை என்ற தானியம், ஓட்ஸ், பட்டாணி ஆகியவற்றை வறுத்து அரைத்த மாவு. மோர் போன்ற புளித்த பாலில் கரைத்துக் குடிப்பார்கள். முதன்முறை குடித்தபோது பாட்டி கரைத்துக் கொடுத்த சத்துமாவு அப்படியே நாவில் வந்து நின்றது. அந்த டம்ளரை நான் மறக்கமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ரை மாவில் செய்யும் கறுப்பு ரொட்டி, 'லெய்ப்'. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் 'யாத்கு லெய்பா' என்று வாழ்த்துவார்கள். உன் ரொட்டி தீராதிருக்கட்டும் என்று பொருள். ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடும் பழைய வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து வளர்க்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பஞ்சம் கண்ட மண்ணின் பண்பு அது.

அந்த ஊர்க்காரர்கள் பேசவே மாட்டார்களாமே?

முன்பின் தெரியாதவரிடம் வெறுமனே பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் இருவருக்கிடையே இரண்டடி, மூன்றடி இடைவெளி விட்டு நிற்பார்கள். முதல் குளிர்காலத்தில் இது எனக்குக் கனமாகத்தான் இருந்தது. டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு புரிந்தது: அடுத்தவரின் அமைதியைக் கலைக்காமல் இருப்பதை அவர்கள் மரியாதையாகக் கருதுகிறார்கள். நான் காய்ச்சலில் கிடந்தபோது, அதுவரை என்னிடம் பத்துச் சொல்கூடப் பேசாத பக்கத்து அறைக்காரர் கதவருகே சூப் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சாவ்னாவில் அப்படி என்ன இருக்கிறது? அது ஃபின்லாந்துடையது இல்லையா?

சாவ்னா என்ற ஆவிக் குளியல் இரண்டு நாட்டுக்கும் உரியது. தென்கிழக்கே வோருமா வட்டாரத்தின் புகைச் சாவ்னாவை 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரக்குடிலுக்குப் புகைபோக்கி கிடையாது. மணிக்கணக்காக விறகெரித்துக் கற்களைச் சூடேற்றி, புகையை வெளியேற்றிவிட்டு, பிறகுதான் ஆட்கள் உள்ளே போவார்கள். கற்களில் நீர் ஊற்றும்போது எழும் ஆவிக்கு 'லெய்ல்' என்று தனிப் பெயர். பிர்ச் இலைக்கொத்தால் உடம்பைத் தட்டிக்கொள்வார்கள். முற்காலத்தில் பிரசவமும் அங்கேதான், நோய்க்குப் பண்டுவமும் அங்கேதான். அதனால் உள்ளே சத்தம் போடுவதோ சண்டையிடுவதோ தகாது என்று வைத்திருக்கிறார்கள்.

கடவுள் நம்பிக்கையே இல்லாத நாடு என்கிறார்களே?

2021 கணக்கெடுப்பில் பத்தில் மூன்று பேர்தான் தமக்கு மதம் உண்டு என்றார்கள். இதற்குச் சோவியத் ஆட்சியை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மை. கிறித்துவம் அங்கே 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர் வீரர்களின் வாளோடு வந்தது. அதற்குப் பின் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் நிலமும் தேவாலயமும் ஜெர்மானியப் பிரபுக்களின் கையில் இருந்தன. எஸ்தோனிய விவசாயிகள் பண்ணையடிமைகளாக இருந்தார்கள். வடக்கில் 1816-இலும் தெற்கில் 1819-இலும்தான் அந்த அடிமை முறை ஒழிந்தது. ஆண்டையின் மதமாகவே நெடுங்காலம் தெரிந்த ஒன்றின்மேல் ஒட்டுதல் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். காட்டு மரங்களுக்கு அடியில், பனிக்கு மேல், கல்லறைதோறும் மெழுகுவத்தி எரியும். அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைப்பதா வேண்டாமா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

பாட்டுத் திருவிழா, பாட்டுத் திருவிழா என்கிறீர்களே, அது என்ன கச்சேரியா?

கச்சேரி என்றால் பாடுபவர் சிலர், கேட்பவர் பலர். இங்கே மேடையில் ஏறுபவர்களே இருபதாயிரம், முப்பதாயிரம். ஊர்ப் பள்ளிக்கூடம், தபால் நிலையம், தீயணைப்பு நிலையம், கிராமத்துப் பெண்கள் குழு என்று ஆயிரம் சிறிய பாடகர் குழுக்கள் மாதக்கணக்காகத் தனித்தனியே பயிற்சி செய்து, தேர்வில் தேறி, தாலின் கடற்கரையருகே இருக்கும் பாட்டுத் திடலில் ஒரே குரலாக நிற்கும். 1960-இல் கட்டிய அந்த மேடையின் வளைந்த கூரை இவ்வளவு குரல்களையும் அணைத்து முன்னே அனுப்புகிறது. எதிரே புல்வெளியில் நிற்பவர்களும் சேர்ந்து பாடுவார்கள். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கம், நடுவே இளைஞர் விழாவும் உண்டு. 2019-இல் முதல் விழாவின் 150-ஆம் ஆண்டு. கொரோனாவால் அட்டவணை தள்ளி அடுத்த பெருவிழா 2025 ஜூலையில் நடந்தது.

முதல் விழா 1869-இல் தார்த்துவில். தென்பகுதியில் பண்ணையடிமை ஒழிந்த ஐம்பதாம் ஆண்டு என்று காரணம் காட்டி அனுமதி பெற்றவர் பத்திரிகையாசிரியர் யான்சன். அன்று பாடியவர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆண்கள். பெரும்பாலும் ஜெர்மானியப் பாட்டுகள், எஸ்தோனியர் இசையமைத்தவை இரண்டே. இரண்டின் வரிகளும் யான்சனின் மகள் லிதியா கொய்துலா எழுதியவை. அதில் ஒன்று 'மு இசமா ஒன் மினு அர்ம்', அதாவது என் தந்தையர் நாடே என் அன்பு.

இந்தப் பாட்டின் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. 1944-இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் இதற்குப் புதிய மெட்டுப் போட்டார். 1947 விழாவில் பாடினார்கள். பிறகு அது விலக்கப்பட்டது. 1950 விழாவுக்கு முன் மூன்று முன்னணி இசை நடத்துநர்கள் கைது செய்யப்பட்டார்கள். சோவியத் அரசு விழாவை நிறுத்தவில்லை, தன் விழாவாக்கிக் கொண்டது. லெனினையும் ஸ்டாலினையும் போற்றும் பாட்டுகளைப் பட்டியலில் நிரப்பியது. 1960 விழாவின் முடிவில், பட்டியலில் இல்லாத இந்தப் பாட்டைப் பாடகர்கள் தாங்களாகவே தொடங்கினார்கள். பல்லாயிரம் பேர் பாடும்போது யாரைக் கைது செய்வது? அதன்பின் ஒவ்வொரு விழாவையும் இந்தப் பாட்டே நிறைவு செய்கிறது. திடலில் நின்று அதைக் கேட்ட மாலையில், பக்கத்தில் நின்ற முதியவர் பாடவில்லை, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பாட்டுப் பாடியே சுதந்திரம் வாங்கினார்கள் என்பது மிகைதானே?

பாட்டால் மட்டும் வாங்கினார்கள் என்றால் மிகை. பாட்டு இல்லாமல் வாங்கியிருப்பார்களா என்றால், என் கணிப்பில், இல்லை. 1987-இல் பாஸ்ஃபரைட் என்ற உரத் தாதுவைத் தோண்டும் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து மக்கள் முதன்முதலாகத் துணிந்து வெளியே வந்தார்கள். 1988 ஜூன் இரவுகளில் மக்கள் தாமாகவே அந்தத் திடலுக்குத் திரண்டு, தடைசெய்யப்பட்டிருந்த நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடியை விரித்துப் பாடினார்கள். செப்டம்பர் 11 கூட்டத்துக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள். நவம்பர் 16 அன்று எஸ்தோனியாவின் சட்டமன்றம் மாஸ்கோவின் சட்டங்களைவிடத் தன் சட்டங்களே மேலானவை என்று அறிவித்தது. 1989 ஆகஸ்ட் 23, ஹிட்லரின் ஜெர்மனியும் ஸ்டாலினின் ரஷ்யாவும் பால்டிக் நாடுகளைப் பங்குபோட்ட ரகசிய உடன்பாட்டின் ஐம்பதாம் ஆண்டு நாள். அன்று தாலினிலிருந்து லாத்வியத் தலைநகர் ரிகா வழியாக லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை சுமார் 600 கிலோமீட்டருக்கு மக்கள் கைகோத்து நின்றார்கள்.

முடிவு மாஸ்கோவில் நேர்ந்த குழப்பத்தால் விரைந்தது. 1991 ஆகஸ்டில் அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது எஸ்தோனியா சுதந்திரத்தை அறிவித்தது. லிதுவேனியாவிலும் லாத்வியாவிலும் அவ்வாண்டு ஜனவரியில் மக்கள் சுடப்பட்டு இறந்தார்கள். எஸ்தோனியாவில் அப்படி உயிர்கள் போகவில்லை. பாட்டு, சட்ட வாதம், பேரம், காலம் கனிந்த நேரம் எல்லாம் சேர்ந்த வெற்றி இது.

அவர்களின் தேசிய கீதமும் ஃபின்லாந்தின் தேசிய கீதமும் ஒரே மெட்டாமே?

ஆம். மெட்டு ஃபிரெட்ரிக் பாசியஸ் என்பவருடையது. எஸ்தோனிய வரிகளை எழுதியவர் மேலே சொன்ன யான்சன், 1869 விழாவிலேயே பாடப்பட்டது. சோவியத் காலத்தில் இதைப் பாடத் தடை. ஆனால் ஃபின்லாந்து வானொலி தன் ஒலிபரப்பை முடிக்கும்போது இந்த மெட்டு ஒலிக்கும். வடக்கு எஸ்தோனியாவில் அது தெளிவாகக் கேட்கும். காற்றுக்குத் தடைபோட யாராலும் முடியவில்லை.

அதற்கு முன்னால் அவர்களுக்கென்று நாட்டுப்பாடல் இல்லையா? எல்லாம் ஜெர்மானியர் கொடுத்ததா?

கூட்டுப் பாடகர் குழு என்ற வடிவம் ஜெர்மானியரிடம் கற்றது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தையது 'ரெகிலவுல்'. நாற்று நடவில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவதுபோல, ஒருவர் அடியைத் தொடங்க, கடைசி அசைகளில் மற்றவர்கள் சேர்ந்து, அடி முழுவதையும் திருப்பிப் பாடுவார்கள். அடிக்குப் பெரும்பாலும் எட்டு அசை. இறுதி இயைபு முக்கியமில்லை. சொற்களின் முதலெழுத்து ஒன்றிவர வேண்டும். நம் மோனையேதான். ஒரு செய்தியைச் சொல்லி அடுத்த அடியில் அதையே வேறு சொற்களால் சொல்வார்கள். பெரும்பாலும் பெண்கள் காத்த செல்வம் இது.

1888-இல் பாதிரியார் யாகோப் ஹுர்ட் பத்திரிகையில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்: உங்கள் ஊர்ப் பாட்டுகளையும் கதைகளையும் எழுதி அனுப்புங்கள். பள்ளி ஆசிரியர்கள், விவசாயிகள், தையற்காரர்கள் என்று சுமார் 1,400 பேர் எழுதி அனுப்பினார்கள். ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் சேர்ந்தன. இன்றும் அவை தார்த்துவின் இலக்கிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உ.வே.சா. ஊர் ஊராகச் சுவடி தேடிப்போன அதே காலம் என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அங்கே வாழும் ரஷ்யர்களை ஒதுக்குகிறார்கள் என்று படித்தேன். உண்மையா?

இந்தப் பக்கத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். எண்களிலிருந்து தொடங்குகிறேன். 1934-இல் நாட்டு மக்களில் எஸ்தோனியர் 88 விழுக்காடு. 1989-இல் 61.5 விழுக்காடு. இடையில் 1941 ஜூனில் சுமார் பத்தாயிரம் பேரும், 1949 மார்ச்சில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் சரக்கு ரயில்களில் ஏற்றி நாடுகடத்தப்பட்டார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். பல்லாயிரம் பேர் படகேறித் தப்பினார்கள். ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஒன்றியத்தின் பிற பகுதிகளிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள்.

முதல் பதிலில் சொன்ன 'மீண்டது' என்ற சொல் இங்கே வருகிறது. பழைய நாடே தொடர்கிறது என்றால் பழைய குடிமக்களும் அவர்கள் வழிவந்தவர்களும்தான் தானாகக் குடிமக்கள் ஆவார்கள். சோவியத் காலத்தில் வந்தவர்கள் மொழித் தேர்வும் அரசியலமைப்புத் தேர்வும் எழுதிக் குடியுரிமை பெற வேண்டும். பலர் பெற்றார்கள். பலர் ரஷ்யக் குடியுரிமை எடுத்தார்கள். எதுவும் எடுக்காதவர்களுக்குச் சாம்பல் நிற கடவுச்சீட்டு. அப்படிப்பட்டவர்கள் இன்றும் பல்லாயிரம் பேர். நதிக்கு அக்கரையில் ரஷ்யக் கோட்டை தெரியும் நார்வா நகரில் பெரும்பான்மையோர் ரஷ்ய மொழி பேசுபவர்கள். 2024 முதல் ரஷ்ய வழிப் பள்ளிகள் படிப்படியாக எஸ்தோனிய வழிக்கு மாற்றப்படுகின்றன.

என் நிலைப்பாட்டை மறைக்கமாட்டேன். தன் மண்ணில் தன் மொழி சிறுபான்மையாகிவிடும் என்று அஞ்சிய மக்களின் அச்சம் எனக்குப் புரிகிறது, அது நியாயமானது. அதே நேரம், அங்கேயே பிறந்து, வேறு ஊர் அறியாத நார்வாத் தோழி ஒருத்தி, தாத்தா எடுத்த முடிவுக்குத் தான் ஏன் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

பதினொரு லட்சம் பேர் பேசும் மொழி எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது நல்லதில்லையா?

இதை என்னிடம் கேட்டவர்களில் பாதிப் பேர் தமிழாசிரியர்கள். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஸ்தோனியத்தில் மழலையர் பள்ளி முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். நீதிமன்றம், மருத்துவம், மென்பொருள், இராணுவம் எல்லாவற்றுக்கும் அதில் சொற்கள் உண்டு. தேசத்தையும் பண்பாட்டையும் காப்பது அரசின் கடமை என்று கூறும் அரசியலமைப்பு முகவுரையில் 2007-இல் 'மொழி' என்ற சொல்லையும் சேர்த்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹன்னெஸ் ஆவிக் என்ற மொழியறிஞர், பழஞ்சொற்களைத் தோண்டியெடுத்தும், ஃபின்னிஷிலிருந்து வாங்கியும், சிலவற்றை வேரே இல்லாமல் தானாகப் படைத்தும் நூற்றுக்கணக்கான சொற்களைக் கொடுத்தார். ஆயுதத்துக்கு 'ரெல்வ்', குற்றத்துக்கு 'ரொய்ம்', நம்பச் செய்வதற்கு 'வேன்மா'. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்து செய்த சொற்கள் என்று இன்று அவற்றைப் பேசும் குழந்தைகளுக்குத் தெரியாது. அவ்வளவு இயல்பாகிவிட்டன.

2010-இல் பொதுமக்களுக்குச் சொல்லாக்கப் போட்டி ஒன்று நடந்தது. உள்கட்டமைப்பைக் குறிக்க அதுவரை நீளமான இரவல் சொல் ஒன்று வழங்கிவந்தது. போட்டியில் வந்தது 'தாரிஸ்து'. சாலை, பாலம், மின்கம்பி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் இப்போது அந்தச் சொல்தான் அச்சாகிறது.